உப்புப் பாலத்தில் எலக்ட்ரான் நடப்பதில்லை

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் கால்வானிக் மின்கலம் என்றதும் ஒரு படம் வரும். இரண்டு பீக்கர், இரண்டு தகடு, தகடுகளை இணைக்கும் வயர், நடுவில் கவிழ்த்து வைத்த ஒரு வளைகுழாய். அந்தக் குழாய்தான் உப்புப் பாலம். அது எதற்கு என்று கேட்டால் "சுற்று முழுமை அடைவதற்கு" என்று பதில் வரும். அது தப்பில்லை. ஆனால், "அப்படியானால் அந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியை வளைத்துப் போட்டால் என்ன, அதுவும் சுற்றை முடிக்குமே?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பலர் நின்றுவிடுவார்கள். வயர் வழியாகப் போன எலக்ட்ரான் பாலம் வழியாகத் திரும்பி வருகிறது என்ற சித்திரம்தான் பெரும்பாலோர் மனதில் இருக்கிறது. அது தவறு. ஒரு எலக்ட்ரான்கூட உப்புப் பாலத்தைக் கடப்பதில்லை. கடப்பது வேறொன்று.

ஒரே பாத்திரத்தில் போட்டால் என்ன ஆகும்?

உரக்கடையில் மயில்துத்தம் என்று விற்கும் காப்பர் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு துத்தநாகத் தகட்டை நேராகப் போடுங்கள். சில நொடிகளில் தகடு கறுக்கும், பிறகு செந்நிறப் பொடி படியும். நேரம் போகப் போக நீல நிறம் வெளிறும். தண்ணீர் லேசாகச் சூடாகும்.

காப்பர் சல்பேட் கரையும்போது செம்பு அயனியாகவும் சல்பேட் அயனியாகவும் பிரிகிறது. அயனி என்பது மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டம். செம்பு அயனியில் இரண்டு எலக்ட்ரான் குறைவு, அதனால் நேர்மின்சுமை. சல்பேட்டில் இரண்டு எலக்ட்ரான் கூடுதல், அதனால் எதிர்மின்சுமை. துத்தநாக அணு தன் இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகிக் கரைசலில் இறங்குகிறது. இப்படி எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம். அந்த இரண்டையும் செம்பு அயனி வாங்கிக்கொண்டு உலோகமாகத் தகட்டில் படிகிறது. எலக்ட்ரானைப் பெறுவது ஒடுக்கம்.

கொடுப்பவரும் வாங்குபவரும் ஒட்டி நிற்பதால் கைமாற்றம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. கிடைத்த ஆற்றல் எல்லாம் வெப்பமாகப் போகிறது. அதை மின்சாரமாக எடுக்க வேண்டுமானால் இருவரையும் பிரித்து, எலக்ட்ரானை வயர் வழியாகச் சுற்றிப் போக வைக்க வேண்டும். கால்வானிக் மின்கலத்தின் ஏற்பாடு இவ்வளவுதான். துத்தநாகத் தகடு ஜிங்க் சல்பேட் கரைசலில், செம்புத் தகடு காப்பர் சல்பேட் கரைசலில். ஒவ்வொரு பீக்கரும் ஓர் அரை மின்கலம்.

பிரித்து வைத்து வயர் மட்டும் போட்டால்?

ஒன்றும் நடக்காது. "சிறிது நேரம் மின்சாரம் ஓடிப் பிறகு நின்றுவிடும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் 'சிறிது நேரம்' எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம், முதலில் ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு.

15 கிலோ எண்ணெய் டின்னின் ஒரு மூலையில் மட்டும் ஆணியால் சின்ன ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக வராது. நாலு சொட்டு விழும், திணறும், நின்றுவிடும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டதும் கம்பி போல இறங்கும். இரண்டாவது ஓட்டை வழியாக எண்ணெய் வருவதில்லை, காற்று உள்ளே போகிறது. வெளியேறிய எண்ணெயின் இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் உள்ளே உண்டாகும் வெற்றிடம் மிச்ச எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்கலத்தில் வயர் முதல் ஓட்டை, உப்புப் பாலம் இரண்டாவது. ஒன்றின் வழியாக எலக்ட்ரான், மற்றதன் வழியாக அயனி. உவமை இதற்கு மேல் ஓடாது: டின் ஒன்றுதான், மின்கலத்திலோ இரண்டு பக்கமும் சரிக்கட்ட வேண்டும்.

துத்தநாகப் பக்கத்தில் நேர் அயனிகள் கரைசலில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு ஈடான எதிர் அயனிகள் புதிதாக வருவதில்லை. அதனால் அந்தக் கரைசலில் நேர்மின்சுமை மிகுகிறது. அது, கிளம்பப் பார்க்கும் எலக்ட்ரானைப் பின்னுக்கு இழுக்கிறது. செம்புப் பக்கத்தில் செம்பு அயனிகள் உலோகமாகிக் குறைகின்றன, அவற்றின் துணையான சல்பேட் அங்கேயே நிற்கிறது. கரைசல் எதிர்மின்சுமை பக்கம் சாய்கிறது. அது வரப்போகும் எலக்ட்ரானைத் தள்ளுகிறது.

இப்போது கணக்கு. மின்சுமையை அளக்கும் அலகு கூலும்பு. மின்கலத்தின் தள்ளுவிசை 1.1 வோல்ட். பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு பீக்கர்களுக்கு இடையே 1.1 வோல்ட் எதிர்ப்பு உண்டாக, ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்கு கூலும்பிலும் நூறில் ஒரு பங்கு மின்சுமை தேங்கினால் போதும். எலக்ட்ரான் எண்ணிக்கையில் சொன்னால் சில கோடி. கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் 1 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தில் அத்தனையும் ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். எந்தத் தராசிலும் தெரியாத அளவு துத்தநாகம் கரைவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே பாலம் இல்லாவிட்டால் மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறைவதில்லை. தொடங்குவதே இல்லை என்று சொல்வதுதான் நடைமுறையில் சரி.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இரு பக்கத்துக் கரைசலும் மின்சுமையில் சமமாக இருந்தால்தான் வயரில் எலக்ட்ரான் ஓடும். துளி சமன் கெட்டாலும் ஓட்டம் நிற்கும்.

பாலம் என்ன செய்கிறது?

வளைகுழாய்க்குள் இருப்பது செறிந்த உப்புக் கரைசல், பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. துத்தநாகப் பக்கத்தில் ஒரு துத்தநாக அயனி பிறக்கும்போது, இரண்டு குளோரைடு அயனிகள் பாலத்திலிருந்து அந்தப் பக்கம் இறங்குகின்றன. அதே வேளையில் செம்புப் பக்கத்தில் ஒரு செம்பு அயனி மறைகிறது, இரண்டு பொட்டாசியம் அயனிகள் அந்தப் பக்கம் இறங்குகின்றன. இரண்டு பீக்கரும் எப்போதும் சமன். எந்த அயனி எந்தப் பக்கம் என்று பரீட்சையில் குழப்பம் வந்தால் மனப்பாடத்தை நம்பாதீர்கள். எந்தப் பக்கத்தில் நேர் அயனி பெருகுகிறது என்று பாருங்கள். எதிர் அயனி அங்கே போகும்.

வெளியேறுவது மட்டும்தான் நடக்கிறது என்பதும் முழு உண்மை அல்ல. துத்தநாக அயனிகளும் பாலத்துக்குள் நுழையப் பார்க்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து சல்பேட்டும். ஆனால் பாலத்தின் வாயில் பொட்டாசியமும் குளோரைடும் நெருக்கியடித்து நிற்பதால் சுமக்கும் வேலையின் பெரும்பங்கு அவற்றுக்கே போகிறது. பாலத்தில் உப்பைச் செறிவாகப் போடுவதற்கு இது ஒரு காரணம்.

இனி செம்புக் கம்பிக் கேள்வி. உலோகத்தில் நகர்வது எலக்ட்ரான் மட்டுமே, அயனி அல்ல. கரைசலிலோ எலக்ட்ரான் தனியாக நீந்தாது. ஆகவே கம்பியின் ஒவ்வொரு நுனியிலும் எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ ஒரு புது வினை நடந்தாக வேண்டும். ஒரு மின்கலம் இருந்த இடத்தில் இரண்டு மின்கலம் ஆகிவிடும். மல்டிமீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டலாம், அதை நம்பி 'கம்பியும் பாலம்தான்' என்று முடிவுகட்டக் கூடாது. மின்னோட்டம் எடுக்கும் ஒரு சிறு பல்பை இணைத்தாலே அந்த எண் விழுந்துவிடும்.

இரண்டாவது வேலை: கலக்க விடாமல் பிடிப்பது

அயனி போய்வர வழி வேண்டும் என்றால் இரண்டு கரைசலையும் ஒரு அகலக் குழாயால் நேரடியாக இணைத்துவிடலாமே? இணைக்கலாம், மின்சாரமும் வரும். ஆனால் நீலக் கரைசல் மெல்ல நகர்ந்து துத்தநாகத் தகட்டைத் தொடும். தொட்ட இடத்தில் பழைய கதை: செம்பு நேராகத் துத்தநாகத்தின்மேல் படியும், எலக்ட்ரான் வயரை விட்டுக் குறுக்கு வழியில் போகும், தகடு வீணாகும்.

1836-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஜான் ஃபிரெடரிக் டேனியல் இந்த மின்கலத்தை அமைத்தபோது அவருக்கும் இதே சிக்கல். அவர் தடுப்பாக முதலில் பயன்படுத்தியது மாட்டின் உணவுக்குழாய். பின்னாளில் அதன் இடத்துக்கு மெருகு பூசாத மண்கலம் வந்தது. கலத்தின் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சி அயனிக்கு வழிவிடும், ஆனால் கரைசல் மொத்தமாகப் பாய விடாது. காருகுறிச்சியில் வனையும் மெருகில்லாத சிறு கலயம் ஒன்றுக்குள் ஜிங்க் சல்பேட்டையும் துத்தநாகத்தையும் வைத்து, காப்பர் சல்பேட் உள்ள பெரிய பாத்திரத்தில் இறக்கினாலும் டேனியல் மின்கலம்தான். எண்ணெய் ஏறிய பழைய கலயம் உதவாது, துளை அடைத்திருக்கும்.

வளைகுழாயில் இதே வேலையைச் செய்வது அகர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருள் மளிகைக் கடையில் கிடைக்கும். மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் நோன்புக் காலத்தில் செய்யும் கடல்பாசி இனிப்புக்கு வாங்குகிற அதே பொருள். அது உப்புக் கரைசலைக் கூழாக உறைய வைக்கிறது. உறைந்த கூழ் குழாயிலிருந்து ஒழுகாது, அயனிகளோ அதன் இழைகளுக்கு நடுவே ஏறக்குறையத் தண்ணீரில் போவது போலவே போகும். அகர் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சும்மா பிடித்து வைக்கிறது, கடத்துவது உப்பு.

அகருக்குப் பதில் ஜெலட்டின் போடலாமா? திருநெல்வேலிச் சீமையில் வேண்டாம். ஜெலட்டின் கூழ் 30 முதல் 35 டிகிரிக்குள் இளகிவிடும். சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை வகுப்பறை மேசையிலேயே பாலம் ஒழுகத் தொடங்கும். அகர் 35–40 டிகிரிக்கு இறங்கும்போதே உறைந்துவிடும், உறைந்தபின் 85 டிகிரி வரை இளகாது.

ஆக, பாலத்துக்கு இரண்டு வேலை: அயனியை விட வேண்டும், கரைசலை விடக் கூடாது.

எந்த உப்பு?

பொட்டாசியம் குளோரைடை எல்லோரும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வெவ்வேறு கரைசல் தொடும் இடத்தில் வேகமான அயனி முந்தி ஓடும், மெதுவானது பின்தங்கும். அந்த இடைவெளியில் சில மில்லிவோல்ட் அழுத்தம் உண்டாகி அளவீட்டைக் கெடுக்கும். இதற்கு நீர்ம இணைப்பு மின்னழுத்தம் என்று பெயர். நேர் அயனியும் எதிர் அயனியும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் இது ஏறக்குறைய மறைந்துவிடும். 25 டிகிரியில் நீரில் நகரும் திறனை ஒரே அலகில் வைத்துப் பார்த்தால் பொட்டாசியம் 73.5, குளோரைடு 76.3, நைட்ரேட் 71.4. சோடியம் மட்டும் 50.1. பொட்டாசியம் குளோரைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் நல்ல ஜோடி என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

அப்படியானால் தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பு உதவாதா? வகுப்பில் காட்டுவதற்கு நன்றாகவே உதவும். வித்தியாசம் சில மில்லிவோல்ட், சாதாரண மல்டிமீட்டரில் கவலைப்படும் அளவு அல்ல. கரைத்து வடிகட்டிப் பயன்படுத்துங்கள், மண்ணும் கரையாத சுண்ணச் சத்தும் போகட்டும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரை மின்கலத்தில் வெள்ளி நைட்ரேட் இருந்தால் குளோரைடு பாலம் கூடாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில்வர் குளோரைடு வெள்ளைத் தயிர் போலத் திரண்டு பாலத்தின் வாயை அடைத்துவிடும். ஈய உப்புக்கும் இதே தொல்லை. அங்கே பொட்டாசியம் நைட்ரேட் அல்லது அம்மோனியம் நைட்ரேட். விதி எளிது: பாலத்து உப்பு இரண்டு பக்கத்துக் கரைசலோடும் வினைபுரியவோ வீழ்படிவு ஆகவோ கூடாது.

செய்து பார்க்க

காப்பர் சல்பேட் படிகம் 25 கிராம், கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்கினால் 1 மோலார். மோலார் என்பது ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்ற செறிவளவு; மோல் என்பது அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு. ஜிங்க் சல்பேட்டை பிசான நெல் நடவுக்கு வயலில் போடுகிறவர்கள் அறிவார்கள், அதில் இரண்டு வகை உண்டு. 21 சதவீதத் துத்தநாகம் என்று பையில் போட்டிருந்தால் 28.8 கிராம், 33 சதவீதம் என்றிருந்தால் 18 கிராம். இதைக் கவனிக்காமல் எடைபோட்டால் செறிவு தப்பும். ஆனாலும் பதற வேண்டாம், செறிவு பத்து மடங்கு மாறினால்கூட மின்னழுத்தம் 0.03 வோல்ட்தான் நகரும். இரண்டையும் பத்தில் ஒன்றாக, 2.5 கிராமும் 2.9 கிராமுமாகப் போட்டாலும் மீட்டரில் ஏறக்குறைய அதே எண் வரும், மருந்தும் மிச்சம்.

தண்ணீர், பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீராக இருக்கட்டும். கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைசல் கலங்கிப் போகும்.

பாலத்துக்கு: 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள், அது 3 மோலார். அதில் 3 கிராம் அகரைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பாத்திரத்தைக் கொதிநீருக்குள் வைத்துக் கிளறுங்கள். நேரடித் தீயில் அடிப்பிடிக்கும். தெளிந்ததும் 60 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிக் குழாயில் ஏற்றுங்கள். கண்ணாடி வளைகுழாய் இல்லையென்றால் கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் 20 செ.மீ. துண்டு போதும். பிளாஸ்டிக் குழாயில் கூழ் வழுக்கும், இரு நுனியிலும் சிறிது பஞ்சு செருகுங்கள். முழுச் செறிவில், அதாவது உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்குப் போட்டால், ஆறும்போது படிகம் கட்டிக் கூழில் இடைவெளி விழும். அதனால்தான் 3 மோலாரில் நிறுத்துகிறோம்.

அவசரமென்றால் வடிதாளை நாடாவாக வெட்டி உப்புக் கரைசலில் நனைத்து இரு பீக்கருக்கும் நடுவே போடலாம். அளந்து முடிக்கும்வரை தாங்கும். காயக் காய மின்தடை ஏறும்.

துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இறக்குங்கள். மல்டிமீட்டரை 2 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு வயரைச் செம்பிலும் கறுப்பு வயரைத் துத்தநாகத்திலும் இணையுங்கள். 1.05-இலிருந்து 1.10 வரை வரும். பாலத்தைத் தூக்குங்கள்: எண் விழும், அல்லது நிலையில்லாமல் அலையும். அந்த அலைச்சலுக்கு மின்கலம் காரணமல்ல. எதிலும் இணையாத மீட்டர் சுற்றுப்புறத்திலிருந்து பொறுக்குவது அது. திரும்ப இறக்கினால் பழைய எண் உடனே வரும்.

எங்கே தவறுகிறது

எண்ணே வரவில்லை என்றால் முதலில் கூழைப் பாருங்கள். குழாயின் முழு அகலத்துக்கும் ஒரு காற்றுக் குமிழி நின்றால் போதும், பாலம் அறுந்தது. அடுத்தது, செம்புக்காக மோட்டார் வைண்டிங் கம்பியை எடுத்திருந்தால் அதன்மேல் அரக்குப் பூச்சு இருக்கும், சுரண்ட வேண்டும். 0.8, 0.9 என்று குறைந்து வந்தால் பெரும்பாலும் துத்தநாகத்தில் ஆக்சைடுப் படலம்.

அதிகம் கேட்கும் புகார்: "1.1 வோல்ட் காட்டுகிறது, பல்பு எரியவில்லை." குறை பாலத்தின் மின்தடையில் இருக்கிறது. 20 செ.மீ. நீளம், 6 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாயில் 1 மோலார் பொட்டாசியம் குளோரைடு இருந்தால் அதன் தடை ஏறக்குறைய 630 ஓம். வயரை நேராக இணைத்தாலே 1.7 மில்லிஆம்பியருக்கு மேல் வராது. டார்ச் பல்புக்கு 200, 300 மில்லிஆம்பியர் வேண்டும். 3 மோலார் போட்டால் தடை பாதிக்கும் கீழே இறங்கும்; குழாயின் விட்டத்தை இரட்டித்தால் நான்கில் ஒன்றாகும்; நீளத்தைக் குறைப்பதும் நல்லது. அப்போதும் பல்பு எரியாது. மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால் அதற்கு இந்தத் தடை உறைப்பதில்லை. எரிவதைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் மூன்று மின்கலங்களைத் தொடராக இணைத்துச் சிவப்பு எல்.இ.டி. வையுங்கள். அதற்கு 1.8 வோல்ட் அளவு வேண்டும், மங்கலாக ஒளிரும்.

நாள்பட்ட பாலத்தின் செம்புப் பக்க நுனியில் பச்சை கலந்த நீலம் ஏறியிருக்கும். செம்பு அயனி கூழுக்குள் தானாகப் பரவுவது இது. முதல் நாளில் ஏறக்குறைய 1 செ.மீ. போகும், ஆனால் இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நாள் எடுக்கும். பாதிக் குழாய்க்கு நிறம் வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பயன்படுத்தாதபோது நுனிகள் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மூழ்கியிருக்க வேண்டும். வெளியே கிடந்தால் கூழ் சுருங்கிக் குழாய்ச் சுவரை விட்டுப் பிரியும்.

மிச்சக் கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். செம்பு மீனுக்கு விஷம். இரும்பு ஆணிகளைப் போட்டு வைத்தால் நீலம் போகும்வரை செம்பு அவற்றின்மேல் இறங்கிவிடும்.

எல்லா மின்கலத்திலும் பாலம் இருக்கிறதா?

இல்லை. எலுமிச்சம்பழத்தில் செம்பும் துத்தநாகமும் செருகினால் மீட்டர் நகர்கிறது, பாலம் இல்லை. இரண்டு உலோகமும் ஒரே சாற்றில் நிற்கின்றன, அயனிகள் அதற்குள்ளேயே நகர்ந்து சமன் செய்கின்றன. துத்தநாகத்தின்மேல் படிந்து கெடுக்க அதில் செம்பு அயனியும் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் அப்படியே: இரண்டு வகை ஈயத் தகடும் ஒரே கந்தக அமிலத்தில். வினையில் உண்டாகும் ஈய சல்பேட் கரையாமல் தகட்டிலேயே ஒட்டிக்கொள்வதால் ஒரு பக்கத்துச் சரக்கு மறுபக்கம் ஓடிக் கெடுக்கும் அபாயம் இல்லை. நடுவில் உள்ள நுண்துளைத் தாள் தகடுகள் முட்டாமல் காக்கிறது, அயனிக்கு வழிவிடுகிறது. இரண்டு தனிக் கரைசல், அவை சந்தித்தால் கேடு என்ற நிலையில்தான் உப்புப் பாலம் தேவை.

மின்சாரம் எடுக்க யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை, அந்த 630 ஓம் அதற்கு விடாது. இதன் உண்மையான இடம் அளவீடு. மண், நீர்ப் பரிசோதனைக் கூடங்களில் அமில, காரத் தன்மையை அளக்கும் பி.ஹெச். மீட்டரின் கண்ணாடிக் கோலைப் பாருங்கள். நுனிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். அது நுண்துளைப் பீங்கான். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு அதன் வழியாகத் துளித்துளியாகக் கசிந்து, கோலுக்கும் நீங்கள் அளக்கும் கரைசலுக்கும் பாலம் போடுகிறது. கோலைச் சுத்தமாக வைக்கிறோம் என்று காய்ச்சி வடித்த நீரில் இரவெல்லாம் ஊறப்போடுவது தவறு. உள்ளிருக்கும் உப்பு வெளியே போய்விடும், மறுநாள் எண் நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். புள்ளி காய்ந்து உப்புப் பூத்திருந்தால் அதே கரைசலை வெதுவெதுப்பாக்கிச் சில மணி நேரம் ஊறவிட்டு, பிறகு பி.ஹெச். முன்பே தெரிந்த தாங்கல் கரைசலில் மறுபடி அளவு சரிசெய்யுங்கள்.